கம்பத்தில் வைத்த காது

அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. பின்னாளில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகை எடுக்கும்போது மட்டும் அது வெளியே வந்தது. மற்ற நேரமெல்லாம் அவள் ஆணிதான். பெயர் வைத்தவர் அப்பா. ஆள் சின்னது, ஒல்லி, ஆனால் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் பிடுங்கி எடுக்க முடியாது என்று அந்தப் பெயர். அம்மா மலையை விட்டுக் கீழே போன அன்று அது உண்மைதான் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பெட்டியும் கையுமாக அம்மா வாசலில் நிற்கிறாள், இவள் கட்டிலுக்கு அடியில் புகுந்து அதன் இரும்புக் காலைக் கட்டிக்கொண்டுவிட்டாள். கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், இனிப்பு தருகிறோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அம்மா மட்டும் போனாள்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் நீங்களும் நானும் ஒரு பனிக்காலம் இருந்து பார்த்தால் தெரியும். மலை முகட்டுக்குச் சற்றுக் கீழே ஒற்றை அறை. ஓர் அடுப்பு, இரண்டு கட்டில், சுவரில் ஒரு டெலிபோன். பனி கொட்ட ஆரம்பித்தால் ஜன்னலின் பாதி வரை வெள்ளை ஏறிவிடும். அக்கம்பக்கம் என்று சொல்ல மலையடிவாரத்து மரமில் ஒன்றுதான் உண்டு. அதற்கும் காட்டு வழியே அரைநாள் நடக்க வேண்டும். புருஷனோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். 'உங்கப்பாகிட்ட பேசறதும் கம்பத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான்டி' என்று அம்மா மகளிடம் சொல்வாள். சமவெளி நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் கிளம்பினாள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது.

அப்பா டெலிபோன் லைன்மேன். மலையின் இந்தப் பக்கத்து ஊரையும் அந்தப் பக்கத்து ஊரையும் சேர்க்கிற கம்பி அந்தக் காட்டுக்குள்தான் ஓடியது. முகட்டிலிருந்து மரமில் வரை அவர் பொறுப்பு. மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தால், கம்பம் சாய்ந்தால், ஊரில் இருக்கிற பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொள்ள முடியாமல் தவித்தால், அப்பா கயிற்றையும் இடுப்பு பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் கம்பியில் அவர்கள் வீட்டுக்கென்று சொந்தப் பேச்சு எதுவும் ஓடியது கிடையாது. வாராவாரம் விடுமுறை நாள் மதியத்தில் அம்மா கூப்பிடுவது மட்டும்தான். அதையும் ஊர் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஆபரேட்டர் அக்கா மேலிடத்துக்குத் தெரியாமல் இணைத்துக் கொடுப்பாள்.

மகளைத் தனியாக வீட்டில் விட முடியாததால் அப்பா அவளைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். ஆனால் அவர் ஏறும் கம்பத்தின் அடியில் அவள் நிற்கக் கூடாது. மேலிருந்து ஸ்பேனர் விழுந்தால் மண்டை போய்விடும். ஆகவே அடுத்த கம்பத்தின் அடியில் நிற்பாள். பனிமூட்டத்தில் அங்கிருந்து பார்த்தால் அப்பா தெரியமாட்டார். அதற்காக இருவரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவர் மேலே உட்கார்ந்து கம்பத்தை ஸ்பேனரால் இரண்டு முறை தட்டுவார். கம்பி வழியாக அது அடுத்த கம்பத்துக்கு வந்து சேரும். அவள் கம்பத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கல்லால் இரண்டு முறை திருப்பித் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால், இருக்கேன். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வேலை முடியும் வரை அப்பாவும் மகளும் இப்படியே இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். தட்டாத நேரத்திலும் கம்பத்தில் காதை வைத்தால் ஓர் இரைச்சல் கேட்கும். காற்று பட்டுக் கம்பி அதிர்கிற சத்தம் அது. கம்பி பாடுது என்பாள் அவள். வேறு பாட்டு எதுவும் அந்த மலையில் இல்லை.

அவளுக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்த குளிர்காலத்தில், ஒரு விடுமுறை நாள். முந்தைய இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. காலையில் அவள் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தாள். ஊமையாக இருந்தது. வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

கம்பத்தில் பனி உறைந்திருக்கும் நாளில் தனியாளாக ஏறக் கூடாது என்பது லைன்மேன்களின் சட்டம். மில் பக்கத்திலிருந்து இன்னோர் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அப்பாதான். அவள் எதுவும் கேட்கவில்லை, அழவில்லை. டெலிபோனுக்குக் கீழே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அப்பா அடுப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பூட்ஸை மாட்ட ஆரம்பித்தார்.

"வா. போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

பல வருடங்களுக்கு அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது அந்த டெலிபோனை எடுத்து எடுத்து வைத்ததுதான். வாய்விட்டுக் கேட்டிருந்தால் அவர் முடியாது என்று சொல்லியிருப்பார்.

இறக்கத்தில் வெகுதூரம் போன பிறகு அறுந்த இடம் கிடைத்தது. தேவதாரு மரத்தின் பெரிய கிளை ஒன்று ஒடிந்து விழுந்து, கம்பி பனிமேல் சுருண்டு கிடந்தது. அறுப்புக்குக் கீழ்ப்பக்கத்துக் கம்பத்தில் அப்பா ஏறினார். ஆணி வழக்கம்போல் அதற்கும் அடுத்த கம்பத்துக்குப் போய்க் காதை வைத்தாள். இரண்டு தட்டு வந்தது. திருப்பித் தட்டினாள். மறுபடி இரண்டு வந்தது, இவளும் தட்டினாள். அப்புறம் தட்டல்ல, கம்பி முழுவதும் ஓர் உலுக்கல். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவள் தட்டினாள், காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். பிறகு ஓடினாள்.

அப்பா கம்பத்தின் அடியில் கிடந்தார். ஒரு கால் வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. லைனில் மாட்டிப் பேசிப் பார்க்கிற சோதனை போனும் அவரோடு விழுந்திருந்தது. பாறையில் பட்டு, பெட்டி ஒரு பக்கம், உள்ளே இருந்ததெல்லாம் ஒரு பக்கம். அவருக்கு ஒரு காலோடு போயிற்று, அதற்கு உயிரே போய்விட்டது.

"அப்பா, எந்திரிங்கப்பா."

"முடியாதும்மா." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "நீ மில்லுக்குப் போகணும். போய் மேஸ்திரிகிட்ட சொல்லி ஆளுங்கள கூட்டிட்டு வரணும்."

"நான் போமாட்டேன்."

"போகணும்."

"போமாட்டேன்." அவள் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள்.

பெயர் வைத்தவருக்கு நிலைமை புரிந்தது. இருட்டுவதற்குள் யாரும் வராவிட்டால் அந்தக் குளிரில் தான் காலையைப் பார்க்கப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். தான் போய்விட்டால் இவளும் கம்பத்தைக் கட்டிக்கொண்டே இங்கே உறைந்துபோவாள் என்பதும் தெரியும்.  பிறகு அவள் அதுவரை அவர் வாயிலிருந்து கேட்டிராத அளவுக்கு நீளமாகப் பேசினார்.

"ஆணி, இங்க பாரு. நான் இங்க உக்காந்து தட்டிக்கிட்டே இருப்பேன். நிறுத்தவே மாட்டேன். கம்பி இருக்கற வரைக்கும் அது கேக்கும். ஒவ்வொரு கம்பத்துலயும் காத வெச்சுப் பாத்துட்டு, நீயும் தட்டிட்டுப் போ. நீ தனியா போறேன்னு யார் சொன்னா? நானும் கூடத்தான் வரேன்."

"மில்லு வரைக்கும் கேக்குமா?"

"மில்லு வரைக்கும் கேக்கும்."

அவள் அவரை இழுக்கவில்லை, இழுக்கவும் முடியாது. அவரே கைகளை ஊன்றி நகர்ந்து கம்பத்தில் சாய்ந்துகொண்டார். பக்கவாட்டில் சரிந்துவிடாமல் இருக்க இடுப்பு பெல்ட்டைக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டார். அவள் கிளைகளை ஒடித்து அவர் மேல் போட்டாள், கருவிப் பையைக் கவிழ்த்து அந்தச் சாக்கை அவர் காலில் சுற்றினாள். தன் கழுத்துத் துண்டையும் கழற்றினாள். அதை மட்டும் அவர் வாங்க மறுத்துவிட்டார். ஸ்பேனரை அவர் கையில் கொடுத்துவிட்டு, பாக்கெட்டில் தன் கல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு அவள் இறங்கினாள்.

அடுத்த கம்பத்தில் தட்டல் நன்றாகக் கேட்டது. அவளும் தட்டினாள். அதற்கடுத்த கம்பத்தில், உற்றுக் கேட்டால் கேட்டது. அதற்கும் அடுத்ததில் காதைக் கம்பத்தோடு அழுத்தி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி பாடுகிறது. அதற்குள்ளே எங்கேயோ இரண்டு தட்டு இருப்பது போலத்தான் இருந்தது. காற்று பெரிசா அடிக்குது, அதான் அமுங்கிப் போகுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கல்லை எடுத்துத் தட்டிவிட்டு நடந்தாள். சின்னப் பிள்ளையின் காதை ஏமாற்ற அந்தப் பிள்ளையே போதும். அதன் பிறகு வந்த கம்பங்களில் எல்லாம் அவள் கேட்டாள் என்றுதான் கணக்கு.

பனி முழங்காலுக்கு மேல் இருந்தது. ஒரு காலைப் பிடுங்கி வைத்து, அடுத்த காலைப் பிடுங்க வேண்டும். காடு அப்படியொரு அமைதி. கிளையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம்கூட யாரோ பின்னால் வருவது போல இருக்கும், திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. பயமாக இருந்ததா என்று பின்னாளில் பலர் அவளிடம் கேட்டார்கள். பயத்தைவிட, தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அந்த மலை முழுவதிலும் ஓர் ஆள் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். அப்பா, என்று ஒரு தடவை. அது காட்டுக்குள் போனது, போனதுதான். 

பாதி வழியில் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. ஆழம் அதிகமில்லை என்றாலும் செங்குத்து, அடியில் ஓடை. முன்னொரு காலத்தில் டெலிபோன் லைன் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பிறகு யாருக்கோ புத்தி வந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே தாவலாகக் கம்பியை இழுத்துவிட்டார்கள். பழைய வழியில் இருந்த கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். கம்பங்களைப் பிடுங்கக் கூலி யார் கொடுப்பது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அப்பாவோடு வரும்போது இந்த இடத்தில் அவர் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு நேராகப் பள்ளத்தில் இறங்கி ஏறிவிடுவார். பழைய கம்பங்களின் பக்கம் அவள் போனதே இல்லை. கம்பத்தைப் பிடித்துப் போ என்று சொன்ன அப்பா, வலியில் இதைச் சொல்ல மறந்துவிட்டார்.

மூட்டத்தில் மேலே கம்பி இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? கம்பம் தெரிந்தது, அதை நோக்கி நடந்தாள். அடுத்ததும் தெரிந்தது. லைன்மேன் மகளுக்குக் கம்பத்தைவிட நம்பிக்கையான வழிகாட்டி எது? பாதையும் இங்கே சமமாக, நடக்கச் சுகமாக இருந்ததால், நின்று கேட்காமல் இரண்டு மூன்று கம்பங்களைத் தாண்டிவிட்டாள். பிறகுதான் அப்பாவுக்குப் பதில் தட்டவில்லையே என்று பதறி, ஒரு கம்பத்தில் காதை வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

தட்டல் இல்லை. அமுங்கிய தட்டல்கூட இல்லை. அவள் காதை மாற்றி வைத்தாள். குல்லாவைக் கழற்றி எறிந்துவிட்டு வைத்தாள். கல்லால் தட்டினாள், இரண்டு, மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு. நிறுத்தவே மாட்டேன் என்று சொன்னவர் நிறுத்திவிட்டார். அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது. கம்பத்தின் அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. திரும்பி ஓடி அப்பாவின் மடியில் போய் விழுந்துவிட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது. அவள் எழுந்து, வந்த வழியில் நாலடி ஓடவும் ஓடினாள்.

எது அவளை நிறுத்தியது என்று கேட்டால், தைரியம் என்று சொல்லி நானும் பெயர் வாங்கிக்கொள்ளலாம். உண்மையில் அவளை நிறுத்தியது ஒரு சின்னச் சந்தேகம். அப்பா தட்டாவிட்டாலும் கம்பி பாட வேண்டுமே? காற்று இதோ முகத்தில் அடிக்கிறது. அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் காற்றுக்கென்ன, கம்பிக்கென்ன, அது பாடத்தானே செய்யும்? அவள் திரும்பி வந்து இன்னொரு முறை காதை வைத்தாள். பாட்டும் இல்லை. சுத்தமாக இல்லை. வெறும் மரம்.

"செத்தது கம்பம்," என்றாள் சத்தமாக. "எங்கப்பா இல்ல."

அந்த இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தன் காலடித் தடத்தைப் பிடித்துத் திரும்பி நடந்தாள். ஒவ்வொரு கம்பமாகக் காதை வைத்தாள். வெறும் மரம், வெறும் மரம், வெறும் மரம். பிறகு ஒரு கம்பம் பாடியது. அவள் அதைக் கட்டிக்கொண்டு கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். தட்டல் கேட்டதா? கேட்டது என்றுதான் முடிவு செய்தாள்.

ஆனால் பாடுகிற கம்பத்துக்கு அடுத்த கம்பம் அந்தக் கரையில் இருக்கிறது. நடுவில் பள்ளம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத வெள்ளை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பமும் இல்லாத ஒரே இடம் அதுதான், அங்கே அப்பாவும் கூட வர முடியாது. "அந்தப் பக்கம் போய்த் தட்டறேன்," என்று கம்பத்திடம் சொல்லிவிட்டு, உட்கார்ந்து, சறுக்கினாள். புதர் கிழித்தது, கல் இடித்தது. ஓடையின் மேல் உறைந்திருந்த பனி ஏடு கால் வைத்ததும் உடைந்தது, ஒரு பூட்ஸ் முழுக்கத் தண்ணீர். ஏறும்போது பாதியில் இரண்டு முறை சரிந்து அடிவரை வந்தாள். மூன்றாம் முறை வேர்களைப் பிடித்துப் பல்லியாக ஒட்டிக்கொண்டு ஏறி, மூட்டத்துக்குள் கையை நீட்டித் தடவித் தடவி, அந்தக் கம்பத்தைக் கண்டுபிடித்தாள். கேட்கும் பொறுமைகூட இல்லை. முதலில் தட்டினாள்.

மரமில்லுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. விடுமுறை நாளானாலும் மில் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ அவசர ஆர்டர். பெரிய ரம்பம் போடுகிற கூச்சலில் ஆட்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் வந்து நிற்கிற ஒரு சின்ன உருவத்தை யார் பார்ப்பது? அவள் கூப்பிட்டாள், ரம்பச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. மேஸ்திரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் சுற்றிப் பார்த்தாள். கிடந்த இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, கூரையைத் தாங்கும் இரும்புத் தூணில் ஓங்கி அடித்தாள். இரண்டு. நிறுத்தி, மறுபடி இரண்டு. மேஸ்திரி திரும்பினார்.

"யாரும்மா நீ? லைன்மேன் பொண்ணா? தனியாவா வந்தே?"

"இல்ல. அப்பாவும் கூடத்தான் வந்தாரு," என்றாள் அவள். மேஸ்திரி வாசலை எட்டிப் பார்த்தார். யாருமில்லை. பிறகு அவள் சொல்லிச் சொல்லி அவருக்குப் புரிந்தது. ரம்பம் நின்றது. ஆட்கள் மரம் இழுக்கிற சறுக்குப் பலகையையும் கம்பளிகளையும் விளக்குகளையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவளை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஈர பூட்ஸை ஒருவர் கழற்றினார்.

மில்லின் டெலிபோன் அடித்தது அப்போதுதான். ஆபரேட்டர் அக்கா. மேல் வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை, மதியத்திலிருந்து அந்தம்மா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், மில்லில் யாருக்காவது விஷயம் தெரியுமா என்று கேட்டாள். யாரோ ரிசீவரை ஆணியின் காதில் வைத்தார்கள்.

"கண்ணு, என்னடி, எங்க இருக்கே? அப்பா எங்க?"

அவள் யோசித்தாள். "தட்டிக்கிட்டு இருக்காரும்மா," என்றாள்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகளுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அப்பா பிழைத்தார். கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். ஊர் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் கேட்டது அவளிடம்தான். "கேட்டுச்சா?"

"கடைசி வரைக்கும் கேட்டுச்சுப்பா. உங்களுக்கு?"

"எனக்கும் கேட்டுச்சு," என்றார் அப்பா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அம்மா வந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், தலை கோதினாள், சமவெளிக்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டாள். 'அங்க எனக்கென்ன வேலை' என்றார் அப்பா. 'வேலைதான் முக்கியம்னா எதுக்குக் கல்யாணம்' என்றாள் அம்மா. இருவரும் சொன்னது நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு யாரால் குடும்பம் நடத்த முடியும்? அம்மா திரும்பிப் போனாள். வாரம் ஒரு முறை வந்த போன், மாதம் ஒரு முறை ஆயிற்று. பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும் என்று ஆயிற்று. கடைசியில் பெரியம்மாவிடமிருந்து ஒரு போன் வந்தது, அதற்குப் பின் கூப்பிட யாரும் இல்லை.

நொண்டிக் காலோடு கம்பம் ஏற முடியாது என்பதால் அப்பாவுக்கு எக்ஸ்சேஞ்ச் கிடங்கில் உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். வளர்ந்ததும் அவளும் அதே எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ஆனாள். பயிற்சியின்போது ஒருநாள், கம்பத்து உச்சியில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் கப்பைக் காட்டிப் பாடம் எடுத்தார்கள். கரண்ட் இறங்காமல் அது காப்பாற்றும் என்றார் பயிற்சியாளர். அப்படியே பேச்சோடு பேச்சாக, அதிர்வையும் அது பெரும்பாலும் விழுங்கிவிடும், ஒரு கம்பத்தில் தட்டினால் இரண்டு கம்பத்துக்கு மேல் போகாது என்றும் சொன்னார். அவள் வகுப்பில் பக்கென்று சிரித்துவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து வெளியே போய் மாடிப்படிக்கு அடியில் நின்று, சிரிப்பு அழுகையாகும் வரை சிரித்தாள். வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தன் பொய்யும் சேர்ந்தல்லவா வெளியே வரும்.

கல்யாணம் பேசினார்கள். அது தனிக் கதை, நல்ல கதையும் இல்லை. குவார்ட்டர்ஸின் இரண்டு அறையில் அப்பாவும் மகளும் இருந்தார்கள். வேலையில் அவளைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. எதிராளி வைத்த பிறகுதான் அவள் லைனை வைப்பாள். அழுகிறவர்கள், குழறுகிறவர்கள், தப்பான நம்பருக்கு அடித்துவிட்டுச் சும்மா மூச்சு விடுகிறவர்கள், யாரையும் பாதியில் துண்டித்ததில்லை. 'மேடம், செத்த லைன்கிட்ட எவ்வளவு நேரம் பேசுவீங்க?' என்று சின்னப் பெண்கள் கேட்பார்கள். 'செத்துடுச்சான்னு தெரியற வரைக்கும்' என்பாள்.

வயதானதும் அப்பாவுக்குக் காது போயிற்று. ஏற்கெனவே பேசாதவர், இப்போது கேட்கவும் மாட்டார். வீடு இன்னும் அமைதியானது. அவள் வேலையிலிருந்து வந்ததும் அவருடைய இரும்புக் கட்டிலின் காலில் சாவியால் இரண்டு முறை தட்டுவாள். மலை வீட்டிலிருந்து வந்த அதே கட்டில். காதுக்குக் கேட்காது, உள்ளங்கைக்குத் தெரியும். அவர் கண்ணைத் திறக்காமலே, கட்டில் சட்டத்தில் மோதிர விரலால் இரண்டு தட்டுவார். இருக்கேன். இருக்கேன்.

ஒருநாள் அவர் தட்டவில்லை.

காரியத்துக்கு வந்தவர்கள் அதிகமில்லை. மரமில் மேஸ்திரி வந்திருந்தார். அவரும் தள்ளாடுகிற வயது. மற்றவர்கள் போன பிறகு அவளிடம் வந்து உட்கார்ந்தார்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரும்மா. இனிமே என்ன. நாங்க போனப்போ அவருக்கு நினைவே பாதிதான் இருந்துச்சு. கை மட்டும் தட்டிக்கிட்டே இருந்துச்சு. கம்பத்துல குழி விழுந்திருந்துச்சு, தெரியுமா? ஸ்பேனர கையிலேர்ந்து பிடுங்க முடியல. யோவ், பொண்ணு வந்து சேந்துட்டா, நிறுத்துய்யா, இவ்வளவு தூரம் யாருக்குக் கேக்கும்னு நீ தட்டறேய்யான்னு கேட்டேன். யாருக்கும் கேக்காது மேஸ்திரி, எனக்குத் தெரியும்னாரு."

"அப்புறம்?"

"நிறுத்தினா அவ தனியா போற மாதிரி இருக்குன்னாரு."

மேஸ்திரி போய்விட்டார். அவள் விளக்கைப் போடவில்லை. படுக்கையைச் சுருட்டி எடுத்துவிட்ட வெறுங்கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, கட்டிலின் காலில் இரண்டு முறை தட்டினாள். காதை அந்த இரும்பில் வைத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது.

மறுநாள் வேலையிலிருந்து வந்தும் தட்டினாள். அதற்கு மறுநாளும். கேட்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதானே அவரும் அன்று பொழுது சாயும் வரை தட்டினார்.